ஒரே சஹனில் நாலு கை

வியாழக்கிழமை மத்தியானம் தாராவியில் ஷாகுல் ஹமீதின் வீட்டுப் பாயில் ஒரு தட்டு கூடுதலாக வைக்கப்பட்டது. அந்த ஒரு தட்டால் வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று என்பதுதான் இந்த வாரம்.

சென்ற வாரம் விட்ட இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீழே தோல் பை தைக்கும் பட்டறை, மேலே குடியிருப்பு. அண்ணன் ஷாகுல், தம்பி சிராஜ், தோல் வெட்டும் அப்துல் ரவூப் ஆகிய மூவரும் மத்தியானம் ஒரே சஹனில் சாப்பிடுவார்கள். சஹன் என்றால் மூன்று நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கை போட்டுச் சாப்பிடும் அகலமான தாம்பாளம். ஊரில் அது கல்யாண வீட்டு வழக்கம். பம்பாய்க்கு வந்த வாப்பா, அண்ணன் தம்பியின் தகப்பனார், அதைத் தினசரி வழக்கமாக்கினார். ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள் சண்டை போட்டால் அன்றைக்குப் பட்டினி கிடக்க வேண்டும், அதனால் சண்டை போட மாட்டார்கள் என்பது அவர் யோசனை.

அந்த சஹனுக்குப் பக்கத்தில் ஷாகுலின் மனைவி ராபியா தன் புருஷன் முன்னால் ஓர் எனாமல் தட்டைத் தனியாக வைத்தாள். கொஞ்சம் சோறு, நிறையக் கீரை, ஒரு துண்டு மீன். ஏன் என்று சொல்லவில்லை. சிராஜ் தட்டைப் பார்த்தான். மைனியைப் பார்த்தான். கை கழுவிய ஈரம் காயுமுன்னே எழுந்து படி இறங்கிப் போய்விட்டான்.

அவன் கோபித்ததில் ஆச்சரியமில்லை. அண்ணன் தம்பி பிரிகிற வீடுகளை அவன் பார்த்திருக்கிறான். முதலில் தட்டு பிரியும், அப்புறம் அடுப்பு, அப்புறம் வாசல்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சமையல்கட்டில் பேச்சு இல்லை. சிராஜின் மனைவி நூர் நிஷா வெங்காயம் உரித்தாள், பாத்திரம் எடுத்துக் கொடுத்தாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். மற்ற நாளில் வெங்காயத்தோடு தெருவில் நடந்த கதை எல்லாம் சேர்த்து உரிக்கிற பெண். அன்று செம்பூரிலிருந்து அவளுடைய வாப்பா ஜெயினுலாப்தீன் ஜும்ஆ தொழுகைக்கு வருவதாகவும், சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு செம்பூரில் ஒரு கோலியைப் பார்க்கப் போவதாகவும் மட்டும் சொன்னாள். கோலி என்றால் இந்த ஊரில் ஒற்றை அறை வீடு.

"பாக்கத்தானே போறாங்க?" என்று ராபியா கேட்டாள்.

"பாக்கத்தான் ராத்தா. புடிச்சா எடுக்கத்தான்."

ராபியாவுக்குக் கையில் இருந்த கரண்டி கனத்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும். அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று ஷாகுல் சத்தியம் வாங்கியிருந்தார்.

விஷயம் இதுதான். ரம்ஜானுக்கு முன்னாலிருந்தே ஷாகுலுக்குப் பட்டறைப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. முட்டி வலித்தது. முன்பெல்லாம் மாட்டுங்காவுக்கு நடந்தே போய் வருகிறவர், இப்போது டிராமும் பஸ்ஸும் இல்லாமல் நகருவதில்லை. ராபியா பிடிவாதமாக அழைத்துப் போன இடம் கிங்ஸ் சர்க்கிள் டாக்டர் சாரநாதன். அவர் எடை பார்த்தார், கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார், இரண்டும் ஏறிக் கிடக்கிறது என்றார். சோற்றைப் பாதியாக்கு, நெய்யும் வனஸ்பதியும் கொழுப்புக் கறியும் வேண்டாம், கருவாடும் ஊறுகாயும் ஆகாது, கீரையும் காயும் மீனும் நிறையச் சாப்பிடு, வயிறு முட்டுமுன் எழுந்திரு, காலையில் நட. இப்படியே விட்டால் ஒரு நாள் திடீரென்று விழுந்துவிடுவாய் என்றும் மறைக்காமல் சொன்னார்.

ஷாகுலுக்கு மனத்தாங்கல். "டாக்டர், நான் ஒரு தட்டுச் சோத்தை இன்னும் ரெண்டு பேரோட பங்கு போட்டுச் சாப்பிடுறவன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பியிருந்தார். டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அந்த மற்ற இரண்டு பேரையும் தாம் ஒரு நாள் பார்க்க வேண்டும் என்றார்.

பஸ்ஸில் வரும்போதே ஷாகுல் ராபியாவிடம் சத்தியம் வாங்கினார். சிராஜுக்குத் தெரியக் கூடாது. வாப்பா இதே பாயில், இதே சஹன் முன்னால், மூச்சு முட்டிச் சாய்ந்தபோது எதிரே உட்கார்ந்திருந்தவன் சிராஜ். அப்போது சின்னப் பையன். அதற்கப்புறம் வெகுநாள் அவன் வாயில் சோறு இறங்கவில்லை. "அவன் காதுல இது விழுந்தா, அவன் சாப்பிட மாட்டான். என்னைச் சாப்பிடவும் விட மாட்டான்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பிலும் மூச்சு வாங்கியது.

அதிலிருந்து ராபியா சாப்பாட்டு வேளையில் திரைக்குப் பின்னால் நின்று கவனித்தாள். கவனித்ததன் பலன்தான் அந்த எனாமல் தட்டு. காரணம் சொல்ல முடியாத தட்டு, குடும்பத்தைப் பிரிக்க வந்த தட்டு ஆகிவிட்டது.

சம்பந்தி வருகிற அன்று கீரையும் மீனும் வைத்து அனுப்ப முடியுமா? நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, தால்ச்சா. தன்னால் ஆனது, தால்ச்சாவில் கத்தரிக்காயும் வாழைக்காயும் கறியைவிட அதிகம் போட்டாள். ஒரு சட்டி வெள்ளரிக்காய்ப் பச்சடி கலக்கினாள். அன்று எனாமல் தட்டை எடுக்கவில்லை. சம்பந்தி முன்னால் எடுத்தால் செம்பூர் கோலிக்கு அவளே பூட்டு வாங்கிக் கொடுத்தது போல ஆகும்.

தொழுகை முடிந்து நாலு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். ஷாகுல், அவருக்கு வலப்புறம் ஜெயினுலாப்தீன், இடப்புறம் அப்துல் ரவூப், எதிரே சிராஜ். நடுவில் ஒரே சஹன். தட்டு பிரியவில்லை என்று கண்டதும் சிராஜின் முகம் தெளிந்தது. "மைனி, தால்ச்சா வாசம் மசூதி வரைக்கும் வந்துட்டு" என்றான். முந்தின நாள் எழுந்து போனதற்கு அவன் கேட்ட மன்னிப்பு அதுதான். திரைக்குப் பின்னால் ராபியாவின் கண் நிறைந்தது.

பக்கத்தில் நூர் நிஷா நின்றாள். அவள் காதருகே குனிந்து ராபியா சொன்னாள். "புள்ள, ஒரு உபகாரம் செய்யி. உங்க காக்கா வாயைப் பாக்காத. மத்தவங்க கையைப் பாரு."

காக்கா என்றால் அவர்கள் வீட்டில் அண்ணன். நூர் நிஷாவும் மைத்துனரை அப்படித்தான் சொல்லுவாள். அவள் விளங்காமல் பார்த்தாள். பிறகு விளங்கியது.

ஷாகுல் பெருந்தீனிக்காரர் இல்லை. தன் முன்னால் இருப்பதைச் சின்னச் சின்னக் கவளமாக, மெதுவாக, மரியாதையாகச் சாப்பிட்டார். ஆனால் அவர் முன்னால் இருப்பது குறையவில்லை. ரவூப் பேச்சுவாக்கில் ஒரு நல்லி எலும்பை முதலாளி பக்கம் நகர்த்தினார். ஜெயினுலாப்தீன், விருந்து வைத்த வீட்டுக்காரருக்குச் செய்யும் மரியாதையாக, நெஞ்சுக்கறியை நகர்த்தினார். சிராஜோ தன் பக்கத்தில் துண்டு கண்ட இடமெல்லாம் விரலால் ஒதுக்கி ஒதுக்கி அண்ணன் பக்கம் சேர்த்தான். தலை நிமிரவில்லை. பேசிக்கொண்டே செய்தான். செய்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது போல இருந்தது.

அதற்கும் காரணம் உண்டு. வாப்பா போன பிறகு தம்பியை மாட்டுங்காவில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுத் தோலில் கை வைத்தவர் ஷாகுல். அந்தக் கடனை வாயால் சொல்ல சிராஜுக்கு வராது. சஹனில்தான் சொல்லுவான். அன்றைக்குத் தட்டு பிரியவில்லை என்ற சந்தோஷத்தில் கொஞ்சம் அதிகமாகவே சொன்னான்.

வாங்கிக்கொள்கிறவருக்கும் வேறு வழி இல்லை. அடுத்தவர் பக்கம் கை நீட்டக் கூடாது, தன் பக்கம் மிச்சம் வைக்கக் கூடாது என்பது வாப்பா வைத்துவிட்டுப் போன ஒழுங்கு. தள்ளியதைத் திருப்பித் தள்ளினால் அன்பைத் திருப்பியது போல. ஷாகுல் தன் பக்கத்தை வழித்துச் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்து மூன்று பேர் எழுந்தார்கள். ஷாகுல் எழவில்லை.

கையை ஊன்றினார். மறுபடி ஊன்றினார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. சிராஜ் கை கொடுத்தான். அந்தக் கையைப் பிடித்தவர் பாதி எழுந்து அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மூச்சு சத்தமாக வந்தது. ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிச் சொன்னார், வாயால் சொல்ல முடியவில்லை.

சிராஜின் முகத்தில் ரத்தம் இல்லை. அவன் அண்ணனைப் பார்க்கவில்லை, பாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாப்பா சாய்ந்ததும் அங்கேதான்.

ராபியா முக்காட்டை இழுத்துக்கொண்டு திரையைத் தள்ளி வெளியே வந்தாள். சம்பந்தி இருக்கிறாரே என்று தயங்கவில்லை. புருஷனின் சட்டைப் பித்தானை அவிழ்த்து விசிறியபடி டாக்டர் சொன்னதெல்லாம் சொன்னாள். எடையைச் சொன்னாள், அழுத்தத்தைச் சொன்னாள், விழுந்துவிடுவார் என்றதையும் சொன்னாள். ஷாகுல் கண்ணால் தடுத்தார். அவள் அந்தக் கண்ணைப் பார்க்கவே இல்லை.

"இதுக்குத்தான் அந்தத் தட்டு தம்பி. பிரிக்கதுக்கு வைக்கல. இவுக தின்னு வந்த உடம்பு இல்ல இது. நீங்க எல்லாரும் தள்ளி வந்த உடம்பு."

சிராஜுக்கு அடி விழுந்தது போல இருந்தது. "நானா மைனி? நான் என்ன செஞ்சேன்?"

யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து பதில் வந்தது. திரைக்குப் பின்னாலிருந்து நூர் நிஷா பேசினாள்.

"நீங்கதான். இப்ப நான் பாத்தேன். ரவூப் மாமா எலும்பு வச்சாங்க. எங்க வாப்பா நெஞ்சுக்கறி வச்சாங்க. நீங்க வச்சதுக்குக் கணக்கே இல்ல. ராத்தா சொல்லுதது அத்தனையும் நெசம்."

தன் புருஷனையும் பெற்ற வாப்பாவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். ஜெயினுலாப்தீன் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டார். ரவூப் மட்டும் மெல்லிய குரலில், தாம் வைத்தது வெறும் எலும்புதான் என்றார். அதற்குள் இருந்த மஜ்ஜையைப் பற்றி ராபியா அப்போது கேட்கவில்லை.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சிராஜ் டாக்ஸி பிடித்தான். அண்ணனை அணைத்துப் படி இறக்கினான். டாக்டர் சாரநாதன் அன்று மாலைதான் கிளினிக் திறக்க வேண்டும். கதவைத் தட்டியதும் பனியனோடு வந்து பார்த்தார். அழுத்தம் ஏறியிருந்தது, ஊசி ஒன்று போட்டார், வெகுநேரம் படுக்க வைத்து மறுபடி பார்த்தார். இந்தத் தடவை தப்பித்தாயிற்று என்றார். பழைய உபதேசத்தை முதலிலிருந்து சொன்னார், இப்போது தம்பியைப் பார்த்துச் சொன்னார். உப்பு, நெய், சோற்றின் அளவு, நடை என்று ஒவ்வொன்றுக்கும் சிராஜ் தலையாட்டினான். கடைசியில் அவன் கேட்டது ஒன்றுதான். ஒரே தட்டில் சாப்பிடலாமா?

"எத்தனை பேர் சேர்ந்து சாப்பிடறேள்ங்கறதைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்லை" என்றார் டாக்டர். "அவர் பக்கம் என்ன விழறது, அதான் எனக்கு வேணும். எல்லாருமா சேர்ந்து நல்லதைச் சாப்பிடுங்கோளேன். உங்களுக்கு மட்டும் நெய் என்ன அமிர்தமா?"

கிளினிக் படியில் இறங்கும்போது சிராஜ் அண்ணனின் கையை விடவில்லை. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். ஷாகுல் உண்மையைச் சொன்னார். வாப்பா விஷயத்தில் நீ பட்டதே போதும் என்று நினைத்தேன் என்றார். சிராஜ் டாக்ஸியை நிறுத்தி அண்ணனை ஏற்றினான். சயான் பக்கம் டாக்ஸி திரும்பும்போது, "உங்களுக்குச் செய்யுதேன்னு நெனச்சு உங்களையே கொல்லப் பாத்தேனே காக்கா" என்றான்.

"போ லே. நீ அள்ளி வச்சதெல்லாம் இனிச்சுதுலே. அதான் சொல்ல முடியல."

ஜெயினுலாப்தீன் அவர்கள் திரும்பும்வரை காத்திருந்தார். கோலி பார்க்கும் பேச்சை அவர் எடுக்கவில்லை, சிராஜும் எடுக்கவில்லை. ஷாகுலின் தோளைத் தொட்டு, அல்லாஹ் காப்பாற்றினான் என்று சொல்லிவிட்டுச் செம்பூர் பஸ்ஸுக்குப் போனார். படியில் மகளிடம் மட்டும் ஏதோ கேட்டார். நூர் நிஷா இல்லை என்பது போலத் தலையாட்டினாள். அப்புறம் ஆம் என்பது போலவும் ஆட்டினாள்.

அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு ராபியாவும் நூர் நிஷாவும் சேர்ந்து சமைத்தார்கள். எண்ணெய் அதிகம் இல்லாமல் சாளை மீன் குழம்பு. முருங்கைக்கீரை. நறுக்கிய வெள்ளரியும் தக்காளியும். சோற்றுக்குப் பதில் கோதுமை ரொட்டி, நெய் தடவாதது. ரவூப் எட்டிப் பார்த்து, மராட்டிக்காரர் வீட்டுக்குத் தெரியாமல் வந்துவிட்டோமா என்று கேட்டார். வந்தால் வாங்க, வராவிட்டால் எலும்பு கடையில் கிடைக்கும் என்று ராபியா பதில் சொன்னாள். வந்து உட்கார்ந்தார்.

சஹன் ஒன்றுதான். எனாமல் தட்டு எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. சிராஜ் எதிரே உட்காரவில்லை, அண்ணனுக்கு ஒட்டினாற்போல வலப்புறம் உட்கார்ந்தான். பிஸ்மில்லா சொல்லி எல்லாரும் கை வைத்தார்கள். ரவூப், பழக்கம் விடுமா, ஒரு மீன் துண்டை முதலாளி பக்கம் நகர்த்திவிட்டார்.

சிராஜ் கையை நீட்டினான். அண்ணன் பக்கத்திலிருந்து அந்தத் துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

அந்த வீட்டில் யாரும் அப்படிச் செய்ததில்லை. ரவூப் மெல்வதை நிறுத்தினார். திரைக்குப் பின்னால் இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏலே, என் பக்கம் கை நீட்டுத" என்றார் ஷாகுல்.

"நீட்டுவேன் காக்கா. இனி தெனம் நீட்டுவேன். நீங்க அடிச்சாலும் நீட்டுவேன்."

ஷாகுல் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார், மிளகாய் என்று சொல்லிக்கொண்டார். சாளைக் குழம்பில் மிளகாய் குறைவாகத்தான் போட்டிருந்தது. வயிற்றில் கொஞ்சம் இடம் வைத்து எழுந்தார். எழும்போது கை கொடுக்க இரண்டு பேர் இருந்தார்கள்.

மறுநாள் விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் இரண்டு பேரும் மாட்டுங்கா ஐந்து தோட்டம் வரை நடப்பது என்று சிராஜ் அறிவித்தான். ஷாகுல் முரண்டு பிடித்தார். பட்டறை முதலாளிக்குப் பஸ்ஸுக்கு நயா பைசா இல்லையா என்று தெருவே கேட்குமே என்றார். கேட்டால் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றான் தம்பி. ரவூப் தாமும் வருவதாகச் சொன்னார். பாதி வழியில் இட்லிக் கடை இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அது சிராஜுக்கும் தெரியும், வேறு தெரு வழியாகப் போவோம் என்றான்.

கை கழுவ ராபியா தண்ணீர் ஊற்றினாள். ஷாகுல் தலை நிமிராமல், அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"நீ சத்தியத்தை மீறுனதுனால நான் இங்க நின்னு கை கழுவுதேன் ராபியா. இத்தனை நாளும் ஒன்னைத் தனியா வச்சுத் துடிக்க விட்டுட்டேன்."

தண்ணீர் தீர்ந்த பிறகும் ராபியா செம்பைச் சாய்த்துப் பிடித்தபடி நின்றாள்.

சமையல்கட்டுக்குத் திரும்பியதும் அவள் முதலில் செய்தது நூர் நிஷாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டதுதான். வாப்பாவும் புருஷனும் உட்கார்ந்திருக்க வாய் திறந்து சாட்சி சொன்ன பெண். அவள் சொல்லாவிட்டால் சிராஜ் நம்பியிருக்க மாட்டான், மைனி கதை கட்டுகிறாள் என்று கோபித்துக்கொண்டு இந்நேரம் செம்பூரில் இருப்பான். "ஒனக்கு நான் என்ன செய்யப் போறேன் புள்ள? கேளு. எது வேணும்னாலும் கேளு" என்றாள்.

நூர் நிஷா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. குனிந்து நின்றாள்.

"கேட்டா செய்வீங்களா ராத்தா?"

"கேளு."

"செம்பூர் கோலி எங்க வாப்பாவாப் பாத்தது இல்ல. நான்தான் பாக்கச் சொன்னேன். நீங்க தட்டு வைக்கதுக்கு ரொம்ப நாளைக்கு முன்னாடியே சொல்லிட்டேன்." அவள் குரல் இன்னும் தாழ்ந்தது. "இப்பவும் எனக்கு அது வேணும். நான் கேட்டதுன்னு எங்க வீட்டுக்காரங்ககிட்ட நீங்க சொல்லக் கூடாது."

ஏன் என்று ராபியா கேட்டாள். நூர் நிஷா வாயைத் திறந்தாள்.

வெளியே சிராஜ் கூப்பிட்டான், தேத்தண்ணி வேண்டும், காக்காவுக்குச் சீனி போடாமல். அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து சிரிக்கிற சத்தம் திரையைத் தாண்டி வந்தது. நூர் நிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளாஸ்களைக் கழுவ எடுத்துப் போய்விட்டாள்.

மத்தியானம்தான் ஒரு சத்தியத்தை இறக்கி வைத்தவள் ராபியா. அடுப்பில் தண்ணீர் கொதித்தது. அவள் தேயிலையைப் போட்டாள். வெளியிலிருந்து மறுபடி சிரிப்பு வந்தது. அது நிற்கக் கூடாதே என்று அவளுக்கு இருந்தது.